கடிதத்தின் மேல் வைத்த பொட்டு

என் கட்டைவிரல் பெரியது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற வேலை. நாற்பது சீசனுக்கு மேல் பல ஊரிலிருந்து வந்தவர்களின் முதுகை அழுத்தி விரல் அகன்றுவிட்டது. இந்த விரலால் ஒரு தப்புச் செய்தேன். வருடத்துக்கு ஒரு தடவை, பக்தியாகச் செய்தேன். அதைத்தான் ஆள் வைத்து எழுதுகிறேன்.

அப்பா இரண்டாம் உலகப் போருக்குப் போனவர். துப்பாக்கி பிடிக்கவில்லை. ரோடு போடுகிற பட்டாளம். பர்மா எல்லையில் மலையை வெட்டி, மழையில் நின்று, லாரி போக வழி செய்தவர்களில் ஒருவர். திரும்பி வந்தபிறகு தென்காசியில் மரம் அறுக்கிற இடத்தில் வேலை பார்த்தார். போரைப் பற்றிப் பேசமாட்டார். எதைப் பற்றியும் அதிகம் பேசமாட்டார். கேட்டால், "அந்த மழை நம்ம ஊரு மழை மாதிரி இல்ல" என்பார். அதோடு முடிந்தது.

அங்கிருந்து அவர் அம்மாவுக்குப் போட்ட கடிதங்கள் பதினொன்று எங்கள் வீட்டில் இருந்தன. மெழுகுத்துணியில் சுற்றி, அப்பாவின் பூட்ஸ் கயிற்றால் கட்டி, அம்மா சாமி அலமாரியில் வைத்திருந்தாள். அப்பாவுக்கு எழுத வராது. கூட இருந்த ஒரு பட்டாளத்துக்காரர் எழுதிக் கொடுத்தது. அம்மாவுக்குப் படிக்க வராது. தபால்காரர் வாசலில் நின்று படித்துச் சொன்னது. அவர் ஒரு தடவை படித்தார். அப்புறம் யாரும் படிக்கவில்லை. அப்பா அம்மா கடிதத்தை எடுத்து யார் படிப்பார்கள்.

சரஸ்வதி பூஜைக்கு வைக்க எங்கள் வீட்டில் புத்தகம் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு. அக்காள் அதுவும் இல்லை. எழுத்து என்று வீட்டில் இருந்தது இந்தக் கட்டு ஒன்றுதான். அதனால் அம்மா இதை எடுத்து வைப்பாள். கயிற்றை அவிழ்ப்பாள். துணியை விரிப்பாள். மேலே இருக்கிற கடிதத்தில் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைப்பாள். மோதிரவிரல் நுனியால் வைப்பாள். கடுகு அளவு இருக்கும்.

அம்மா போனபிறகு அந்த வேலை எனக்கு வந்தது. நான் கட்டைவிரலால் வைத்தேன். பழைய பொட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு புதுப் பொட்டு. இடம் தீர்ந்தபிறகு பொட்டின் மேலேயே பொட்டு. நன்றாக அழுத்தி வைப்பேன். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று நினைப்பு. எண்ணெய்க் கை வேறு.

போன சாரல் சீசனில் தென்காசிக்கு எண்ணெய் வாங்கப் போனபோது டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. டீ போடுகிறவர் வாசித்துச் சொன்னார். போருக்குப் போனவர்களின் குடும்பத்தில் கடிதம், போட்டோ, சர்டிபிகேட் இருந்தால் கொண்டு வரலாம். கம்ப்யூட்டரில் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில்.

"ஒங்க அப்பா பட்டாளத்துல இருந்தாவல்லா, அண்ணாச்சி?" என்றார்.

"இருந்தாரு."

"காகிதம் கீகிதம் இருக்கா?"

"இருக்கு. பூச்சி அரிக்குது."

"அப்ப கொண்டு போங்க. யோசிக்காதீய."

நான் யோசிக்கத்தான் செய்தேன். கட்டு என் வீட்டில் இருந்தாலும் அதில் அக்காளுக்கும் பாத்தியதை உண்டு. என்னைவிட அதிகம் உண்டு என்று அவள் சொல்வாள். மேலே இருக்கிற கடிதம் அவள் பிறந்ததற்கு வந்தது.

அக்காளுக்கு எண்பது தாண்டிவிட்டது. வடகரையில் மகள் வீட்டில் இருக்கிறாள். அடுத்த நாள் பஸ் ஏறிப் போனேன். கொல்லையில் உட்கார்ந்து விளக்குமாற்றுக்குத் தென்னை ஈர்க்குச் சீவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"என்னலே, சீசன்ல வந்து நிக்க. அருவியில தண்ணி இல்லையா?"

"தண்ணி கொட்டுது. ஒண்ணு கேக்க வந்தேன்."

"கேளு. உக்காந்து கேளு. நின்னு கேட்டா கடன் கேக்க மாதிரி இருக்கு."

உட்கார்ந்தேன். "அப்பா கடுதாசிய படம் புடிச்சு வைக்காவளாம். தென்காசியில. நாளைக் கழிச்சு ஞாயித்துக்கிழம."

"எதுக்கு?"

"காகிதம் எத்தன நாளு தாங்கும். படம்னா இருக்கும்."

"அத யாரு பாப்பாவ?"

"யாரு வேணும்னாலும் பாக்கலாம். அமெரிக்காவுல இருந்துகூட பாக்கலாமாம்."

கத்தி நின்றது.

"வேண்டாம்."

"ஏன்?"

"நான் பொறந்ததுக்கு அவரு என்ன எழுதினாருன்னு எனக்கே தெரியாது. எனக்கு முன்ன அமெரிக்காக்காரனுக்குத் தெரியணுமா?"

இந்த இடத்தில் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அக்காள் பிறந்தபோது அப்பா பர்மா எல்லையில் இருந்தார். திரும்பி வரும்போது அவளுக்கு மூன்று வயது. வந்த மறுநாள் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு நேராக அருவிக்குப் போனார். அதுவரை அவளை யாரும் அங்கே கொண்டுபோனதில்லை. பிள்ளைக்கு ஆளும் புதிது, அருவியும் புதிது. கத்தக் கத்த உள்ளே கொண்டுபோய்விட்டார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, வாந்தி எடுத்து, இரண்டு நாள் காய்ச்சல். அதுக்கப்புறம் அக்காள் அருவியில் குளித்ததே இல்லை. அருவியைப் பார்க்க எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். அவள் சத்தம் கேட்கிற தூரத்தில் பிறந்து, சேலை நனையாமல் எண்பது வருடம் இருந்துவிட்டாள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் இதைச் சொல்வாள். "பொட்டப்பிள்ளதான, இருந்தா இருக்கட்டும் போனா போகட்டும்னு தண்ணிக்குள்ள தள்ளுனாரு. ஒனக்கு மட்டும் பம்பரம் வாங்கியாந்தாரு." பம்பரம் வந்தது அவளுக்குக் கல்யாணம் பேசுகிற வயதில். அதைச் சொன்னால், "பம்பரம் பம்பரம்தான்" என்பாள்.

அவளுக்கு அது விளையாட்டு இல்லை. சிரித்துக்கொண்டு சொன்னாலும் இல்லை. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "ஒங்க அப்பாட்ட கேளு" என்று அம்மா சொல்வாள். அப்பாவிடம் யார் கேட்பது. அம்மாவும் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபிறகு என்னிடம் வந்தாள். "நீ அஞ்சு வரைக்கும் படிச்சவன்தான. வாசிலே" என்றாள். கட்டை அவிழ்த்து அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பிடித்தேன். பழைய கையெழுத்து. கோழி கிளறின மாதிரி இருந்தது. எனக்கு ஓடவில்லை. அதைச் சொல்ல வெட்கம். "அப்பா அம்மா கடுதாசி. நாம படிக்கக் கூடாதுக்கா" என்று மடித்து வைத்துவிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். அப்போது பொட்டுகள் கடுகு அளவுதான் இருந்தன.

கொல்லையில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காள் இரண்டு ஓலை முடித்தாள். பிறகு அவளே பேசினாள்.

"அங்கன படிக்கத் தெரிஞ்சவ யாரும் இருக்காவளா?"

"காலேஜ் டீச்சர் ஒருத்தர் வாராவளாம்."

"அப்ப நானும் வாரேன். மொதல்ல எனக்குப் படிக்கணும். எனக்கு மட்டும். கெட்டதா இருந்தா கட்டித் தூக்கிட்டு வந்துரணும். படமும் கெடையாது ஒண்ணும் கெடையாது."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான்."

"ஒன்ன நம்புதேன்" என்றாள். நம்பின மாதிரி முகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கலியாணத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்து இறங்கினாள். கட்டை நான் பையில் வைத்திருந்தேன். வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஹாலில் பத்திருபது பேர் இருந்தார்கள். கடையநல்லூரிலிருந்து வந்தவர் ஒருவர் தாத்தாவின் மலேயா பாஸ்போர்ட்டை மூன்று பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு கவராகக் கழற்ற அவருக்கு நேரம் ஆனது. புளியங்குடிக்காரர் ஒருவர் இரும்புத் தொப்பியையே தூக்கி வந்திருந்தார். காகிதம் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். "காகிதம் கரையான் தின்னுட்டு. கரையான் திங்காதது இதுதான்" என்றார். அது நியாயம் என்று அதையும் படம் எடுத்தார்கள். தொப்பிக்குள் எலுமிச்சை வாசம் அடித்தது. வீட்டில் அதில்தான் பழம் அள்ளுவார்களாம்.

எங்கள் முறை வந்தது. மேஜையில் கறுப்புத் துணி விரித்திருந்தது. மேலே கேமரா குப்புறப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் விளக்கு. டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். சுரண்டைப் பக்கத்துக்காரர், பேச்சில் தெரிந்தது. கம்ப்யூட்டரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். டீச்சர் என்னைப் பார்த்து, "கை கழுவிட்டீங்களா அண்ணாச்சி?" என்றார்.

மூன்று தடவை சோப்புப் போட்டிருந்தேன். சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்துவிட்டுக் கொடுத்தேன். ஐந்து விரலும் அச்சாக விழுந்திருந்தது, எண்ணெயில்.

"என்ன வேல பாக்கீய?"

"குத்தாலத்துல எண்ண தேய்க்கேன்."

"அப்ப நீங்க கொஞ்சம் அங்கன உக்காருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் ஒரு ஸ்டூல் தள்ளி உட்கார்ந்தேன். கட்டை அவிழ்க்கிற வேலை அக்காளுக்குப் போனது. படிக்கத் தெரியாதவள் பிரித்து வைக்க, ஐந்து வரை படித்தவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அக்காளுக்கு அதில் சந்தோஷம். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

துணியை விரித்ததும் டீச்சர் கிட்டே குனிந்தார். கம்ப்யூட்டர்க்காரரும் எழுந்து வந்து பார்த்தார். சிவப்பாக இருந்தது. எழுத்து தெரியவில்லை. கடிதத்தின் மேல் ஒரு ரொட்டி அளவுக்குக் குங்குமம் அப்பியிருந்தது.

"இது என்ன ஆச்சி?"

அக்காள் அந்தக் கட்டைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "என்னலே இது?"

"பொட்டு."

"யாரு வச்சது?"

"நாந்தான். சரஸ்வதி பூசைக்கு."

"கடுதாசிக்கு வச்சியா, கோயில் தூணுக்கு வச்சியா?"

பின்னால் நின்ற புளியங்குடிக்காரர் சிரித்துவிட்டார்.

அக்காள் தன் கண்டிஷனை டீச்சரிடம் சொன்னாள். முதலில் தனக்குப் படிக்க வேண்டும், பிறகுதான் படம். டீச்சர் சரி என்றார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். நானும் எழுந்தேன். "நீ இரு" என்றாள் அக்காள்.

கடிதம் ஒரே தாள். மடித்தால் அதுவே கவர். உள்பக்கம் பொட்டு இல்லை. டீச்சர் மெதுவாகப் பிரித்து, தாழ்ந்த குரலில் படித்தார்.

"இங்கு நான் சுகம். உன் சுகமும் வீட்டில் எல்லோர் சுகமும் அறிய ஆவல். மழை விடவில்லை. பூட்ஸ் காய்ந்து பத்து நாள் ஆகிறது. காலில் தோல் உரிந்தது, இப்போது தேவலை. நாங்கள் இருக்கிற இடம்..." நிறுத்தினார். தாளில் ஒரு ஓட்டை. "ஊரு பேர கத்திரிச்சுட்டாவ. அப்ப கடுதாசிய எல்லாம் அதிகாரி பாத்துட்டுத்தான் விடுவாவ. எதிரி கைக்குப் போனா இடம் தெரிஞ்சுருமே."

"மேல படிங்க" என்றாள் அக்காள்.

"பெண் குழந்தை பிறந்த சமாச்சாரம் நேற்றுக் கிடைத்தது. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது..." டீச்சர் தாளைத் திருப்பினார். "உள்ள இடம் தீந்து போச்சு ஆச்சி. மிச்சத்த வெளி மடிப்புல எழுதிருக்காவ."

வெளி மடிப்பு சிவப்பாக இருந்தது.

அக்காள் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அவள் கண்ணாடி வழியாகவும் எழுத்து எழுத்தாகத் தெரியாது. இருந்தாலும் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தண்ணி தொட்டுத் தொடச்சா போயிராதா?" என்றேன்.

"தொடாதீங்க" என்று டீச்சரும் கம்ப்யூட்டர்க்காரரும் ஒன்றாகச் சொன்னார்கள். தண்ணீர் பட்டால் எழுத்தும் சேர்ந்து போய்விடுமாம். ஈரம் பட்டால் மையாகக் கரைகிற பழைய நீலப் பென்சிலால் எழுதினது.

கம்ப்யூட்டர்க்காரர் ஒரு பிரஷ் எடுத்தார். கண்ணுக்கு மை இடுகிற பிரஷ் மாதிரி மெல்லிசு. காய்ந்து உதிர்கிற குங்குமத்தைத் துளித்துளியாகத் தள்ளித் தாளில் விழ வைத்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்புறமும் கறை நின்றது. கடிதத்தைக் கேமராவுக்குக் கீழே வைத்து, விளக்கைச் சரி பண்ணி, படம் எடுத்தார். திரையில் வந்தது. அங்கேயும் சிவப்பு.

"பொறுங்க ஆச்சி" என்றார். "செவப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பாத்தா செவப்பு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளத் தாளு மாதிரி ஆயிரும். நீல எழுத்து கறுப்பாத் தெரியும். இப்ப கம்ப்யூட்டருக்கு அந்தக் கண்ணாடிய மாட்டப் போறேன்."

எதையோ அழுத்தினார். என் பொட்டு எல்லாம் போய்விட்டது. முப்பது சொச்சம் வருடத்துப் பூஜை. நரை மாதிரி ஒரு நிழல் மட்டும் நின்றது. அதற்குள்ளே வரி வரியாக எழுத்து எழும்பி வந்தது. கோழி கிளறின அதே கையெழுத்து.

அக்காள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "படிங்க. கெட்டதுன்னாலும் படிங்க."

டீச்சர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். முதலில் தனக்குள் படித்தார். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. பிறகு சத்தமாகப் படித்தார்.

"அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது, மிகவும் சந்தோஷம். எனக்குக் கிடைத்த பால் டப்பாவை உடைத்து, எங்கள் கூடாரத்தில் உள்ள பதினாலு பேருக்கும் டீ போட்டேன். எல்லோரும் பிள்ளை பேரைச் சொல்லிக் குடித்தார்கள். பிள்ளைக்கு யார் மூக்கு என்று விவரமாக எழுதச் சொல்லவும். என் மூக்கு என்றால் நீ விசாரப்பட வேண்டாம். முகம் வளர வளரச் சரியாகிவிடும்."

ஹால் சிரித்தது. தள்ளி நிற்கச் சொன்னவர்கள் எல்லோரும் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்கள். எங்கள் அப்பா மூக்கு பெயர் போன மூக்கு. அக்காளுக்கு அதே மூக்கு. முகம் வளர்ந்தது, அதுவும் கூடவே வளர்ந்தது. அக்காள் கையைக் கொண்டுபோய் மூக்கை மூடிக்கொண்டாள். கைக்குள்ளே சிரித்தாளா என்னவென்று தெரியவில்லை.

"இன்னும் இருக்கு ஆச்சி" என்றார் டீச்சர்.

"பிள்ளையை அருவிக்கு யாரும் கொண்டுபோகக் கூடாது. நான் வந்து என் கையால் முதல் தண்ணீர் விட வேண்டும். இங்கே மழையில் நிற்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். உன் அண்ணன் அவசரப்பட்டுக் கொண்டுபோனால் எனக்குக் கோபம் வரும் என்று சொல்லவும்."

அதற்குக் கீழே ஓரத்தில் சின்னதாக ஒரு வரி. டீச்சர் அதையும் படித்தார். "இதை எழுதுகிற நானும் டீ குடித்தேன். நல்ல டீ."

அதற்கும் கீழே ஒரு வரி இருந்தது. அது மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டர்க்காரர் என்னென்னவோ செய்து பார்த்தார். எண்ணெய் இறங்கி எழுத்து கலங்கிவிட்டது என்றார். யார் விரல் எண்ணெய் என்று யாரும் கேட்கவில்லை.

அக்காளின் கை மூக்கிலிருந்து இறங்கியது.

"அதான் கொண்டு போனாரா" என்றாள்.

"அதான்" என்றேன்.

"வந்த மறுநாளே."

"ஆமா."

"அம்மா ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா." பிறகு அவளே, "அம்மாவுக்கு வெக்கம்" என்றாள். அதுவும் சரிதான். வாசலில் தபால்காரர் மூக்கைப் பற்றிச் சத்தமாகப் படித்திருப்பார்.

டீச்சர் ஒரு பாரம் எடுத்து வந்தார். கடிதங்களை எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போடலாமா, சம்மதம் வேண்டும் என்றார். அக்காள் யோசித்தாள்.

"எல்லாத்தையும் போடுங்க. மூக்க பத்தின வரிய மட்டும் எடுத்துருங்க."

"அப்படி ஒரு வரிய மட்டும் எடுக்கக் கூடாது ஆச்சி. கடுதாசி முழுசா இருக்கணும்."

"பட்டாளத்து அதிகாரி ஊரு பேர கத்திரிக்கலாம். நான் என் மூக்க கத்திரிக்கக் கூடாதா?"

கம்ப்யூட்டர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. டீச்சர் பிறகு ஒரு வழி சொன்னார். வேண்டுமானால் இந்த ஒரு கடிதத்தை அக்காள் இருக்கிற காலம் வரை பூட்டி வைக்கலாம். அதற்குப் பிறகு திறந்தால் போதும்.

அக்காள் அதை மனதில் போட்டுப் பார்த்தாள். "அப்ப நான் போனப்புறம் எல்லாரும் பாத்துச் சிரிப்பாவ. நான் கூட இருந்து திட்ட முடியாது."

"அது முடியாதுதான்."

"இப்பவே போடுங்க. சிரிக்கவன் என் மூஞ்சிக்கு நேரா சிரிக்கட்டும்."

கையெழுத்துப் போட்டாள். பெயர் மட்டும் எழுதத் தெரியும், மகள் சொல்லிக் கொடுத்தது. மெதுவாக எழுதினாள். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் மூச்சு விட்டாள். நானும் போட்டேன், பாரத்தை யாரோ பிடித்துக்கொள்ள, பேனா மட்டும் தொட்டு.

அந்தக் கடிதத்தை இரண்டு விதமாகப் படம் எடுத்தார்கள். பொட்டோடு ஒன்று, பொட்டு இல்லாமல் ஒன்று. பொட்டு எதற்கு என்று கேட்டேன். "அதுவும் இந்தக் கடுதாசிக்கு நடந்ததுதான அண்ணாச்சி. அது எப்படி வந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுங்க, கூட வைப்போம்" என்றார் டீச்சர். மற்ற பத்தும் எடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, கடிதங்களை மெல்லிய தாள் வைத்துத் தனித்தனியாக மடித்து, ஒரு அட்டைப் பெட்டியில் தந்தார்கள். இனிமேல் சந்தனம், குங்குமம், மஞ்சள், விபூதி எதுவும் ஆகாது என்று டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார். ஒவ்வொன்றாகச் சொன்னார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பெட்டியை அக்காள் சேலைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

"அம்மா காரியம் முடிஞ்ச அன்னைக்கு நீ வாசிக்கச் சொன்னேல்லா. எனக்கு அன்னைக்கு வாசிக்க வரல. அதான் படிக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"தெரியும்லே."

"எப்படித் தெரியும்?"

"நீ தலகீழால்லா புடிச்சிருந்த. முத்திரையில கிரீடம் கவுந்து கெடந்துச்சு. எனக்கு எழுத்துதான் தெரியாது, கிரீடம் தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீ பெரிய மனுசன் மாதிரி மூஞ்சிய வச்சிருந்த. கெடுக்க வேண்டாம்னு வந்துட்டேன்."

ஆட்டோக்காரர் வடகரை ரோட்டுக்குத் திருப்பப் போனார். அக்காள் அவர் தோளில் தட்டினாள். "குத்தாலத்துக்கு விடு."

"எதுக்குக்கா?" என்றேன்.

"ஒங்கிட்ட எண்ண இருக்கா?"

என் இடம் பேரருவிக்குப் போகிற வழியில். ஒரு பெஞ்சு, நாலு குப்பி. பக்கத்தில் தேய்க்கிறவர்கள் எங்களைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்கள். "அண்ணாச்சி, இன்னைக்கு லேடீஸ் பார்ட்டியா?" என்று ஒருவர் கேட்டார். "அக்கா" என்றேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். பெட்டியை அவர் கையில் கொடுக்கப் போனேன். அக்காள் அவர் கையைப் பார்த்தாள். எண்ணெய். பெட்டி பக்கத்துப் பழக்கடை அம்மாவிடம் போனது.

அக்காளைப் பெஞ்சில் உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் வைத்தேன். ஊருக்கெல்லாம் தேய்த்திருக்கிறேன். இவளுக்கு இதுதான் முதல். முடி கொஞ்சம்தான் இருந்தது.

"மெல்லலே. நான் மெட்ராஸ் பார்ட்டி இல்ல."

"மெல்லத்தான் தேய்க்கேன்."

"இதா மெல்ல? புரோட்டாவுக்கு மாவு பிசைய மாதிரி இருக்கு." கொஞ்சம் கழித்து, "சரி, அந்த எடத்துல இன்னும் கொஞ்சம்" என்றாள்.

அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது. பெண்கள் பக்கம் நான் போக முடியாது. காவலுக்கு நின்ற போலீஸ்காரப் பெண்ணிடம், "மொதல் தடவ குளிக்காவ, பாத்துக்கோங்க" என்றேன். அவர் அக்காளை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுலயா?" என்றார்.

"ரெண்டாம் தடவ" என்று அக்காள் திருத்தினாள். "மொத தடவ எங்க அப்பா கூட்டிட்டு வந்தாரு."

செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். தெரியாத பெண்கள் இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குள் போனாள். தண்ணீர்ப் புகையில் ஆள் தெரியவில்லை. செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீக்கிரம் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. போலீஸ்காரப் பெண் இரண்டு தடவை விசில் ஊதினார். அதற்கும் வரவில்லை.

கடைசியில் வந்தாள். கலியாணச் சேலை ஒட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, முகத்தில் முதலில் மூக்கு தெரிந்தது.

"மூக்குல ஏறிட்டு" என்றாள்.

"ஏறும்" என்றேன்.

"அன்னைக்கும் இப்படித்தான் ஏறிச்சு. அவரு மேல தப்பில்ல." துண்டை வாங்கித் தலையைத் துவட்டினாள். "ஏலே, அந்தக் கடைசி வரியில என்ன எழுதிருப்பாரு?"

"தெரியலக்கா. என் எண்ணதான அழிச்சது."

"அது தெரியாட்டா என்ன. அவரு எழுதினதுல அது ஒண்ணுதான் எனக்கு மட்டும் உள்ளது. அமெரிக்காக்காரன் பாக்க முடியாதுல்லா." அதைச் சொல்லிவிட்டு வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தரச் சொன்னாள்.

அந்த வருட சரஸ்வதி பூஜைக்கு அக்காள் முதல் நாளே வந்துவிட்டாள். பெட்டியை எடுத்து வைத்தோம், திறக்கவில்லை. அதற்கு முன்னால் வாழை இலையில் பென் டிரைவை வைத்தோம். எல்லாக் கடிதமும் அதற்குள்தான் இருக்கிறது. சந்தனம் தொட்டேன்.

"வெரல மடக்குலே" என்றாள் அக்காள்.

மடக்கினேன். அவளே மோதிரவிரல் நுனியால் பென் டிரைவ் மூடியின் மேல் வைத்தாள். கடுகு அளவு.